லிஃப்ட் மெக்கானிக் குணமடைந்த விதம்

அந்த லிஃப்ட் மெக்கானிக்குச் சர்க்கரை நோய் கிடையாது. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சுகாதாரத் துறை நம்பவில்லை. போகப் போக அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவருக்கு அந்த நோய் வருவதற்கு வழியும் குறைவு. லிஃப்ட் ஒழுங்காக ஓடும் கட்டடங்களுக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. நின்றுபோன இடத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். மோட்டார் அறையோ எப்போதும் உச்சி மாடியில் இருக்கும். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரில் உள்ள மாடிப்படிகளையெல்லாம் காலால் அளந்தவர். இடுப்பில் பெல்ட் நிற்காத ஒல்லி உடம்பு.

நோய் அவர் மனைவிக்கு. மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தவிக்க, இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி பொழுதை ஓட்டுவார். அதனால் பிரேக் அக்கா என்று பெயர். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் வேலை. ஆனால் இதயம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். டேஷ்போர்டில் எந்நேரமும் ஒரு பிஸ்கட் பாக்கெட் பிரிந்து கிடக்கும்.

அக்காவுக்கு வகுப்பு ஒழியாது என்பதால் மாத்திரை வாங்கி வருவது கணவரின் பொறுப்பு. சுகாதார நிலையத்தின் பக்கச் சுவரில் சின்னதாக ஒரு சன்னல். அதற்குப் பின்னால் மருந்தாளுநர். ஊரார் அவரை மாத்திரை மேடம் என்பார்கள். காலையில் என்றைக்கும் தாமதமாகத்தான் வருவார். வந்துவிட்டால் கையும் ஓயாது, வாயும் ஓயாது. மாத்திரையோடு சேர்த்து ஒரு அதட்டலும் சன்னல் வழியாக வரும். அக்காவைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடச் சொல்லுங்கள், வெறும் வயிற்றில் போடக் கூடாது என்பார். மெக்கானிக் சரிங்க என்பார். வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துவிடுவார்.

இப்படிச் சுமாராக நடந்துகொண்டிருந்த காரியத்தை மேம்படுத்தத்தான் திட்டம் வந்தது.

திட்டத்தின் பெயர், 'ஆரம்ப நிலை மருத்துவத்தில் சர்க்கரை நோய் மேலாண்மைக்கான மருந்தாளுநரின் விரிவாக்கப்பட்ட பங்களிப்பு'. பேனரை முகப்பில் கட்டியபோது இடம் போதவில்லை. 'விரிவாக்கப்பட்ட' வரைக்கும் முன்பக்கம் நின்றது. 'பங்களிப்பு' பக்கச் சுவருக்கு மடங்கி மருந்துச் சன்னலை மூடிக்கொண்டது. அதனால் பாதகமில்லை என்றார் தலைமையகத்திலிருந்து வந்த திட்ட அலுவலர். மருந்தாளுநருக்கும் நோயாளிக்கும் நடுவே சுவர் இருக்கக் கூடாது என்பதுதான் திட்டத்தின் ஆன்மாவாம். ஆகவே அந்தச் சன்னலைச் செங்கல் வைத்து நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள்.

மருந்துக் கிடங்கு ஆலோசனை அறையானது. இரண்டு மெத்தை நாற்காலி, ஒரு பூந்தொட்டி, சுவரில் சிரிக்கும் கணையத்தின் படம். மருந்துகள் மாடிப்படிக்கு அடியில் குடியேறின. மேடம் உள்ளே ஒருவருக்கு ஆலோசனை சொல்லி முடிக்கும் வரை வெளியே யாருக்கும் மாத்திரை கிடையாது. வரிசை நீண்டு நீண்டு தெருவுக்குப் போனது. திட்ட அலுவலர் எதிர்ப்புறம் போய் நின்று அதைப் படம் எடுத்தார். திட்டத்துக்குக் கிடைத்திருக்கும் வரவேற்பு என்று தலைமையகத்துக்கு அனுப்பினார்.

அந்த வரவேற்பில் காலையிலிருந்து நின்று கால் கடுத்துப்போய்த்தான் மெக்கானிக் அன்று உள்ளே நுழைந்தார். மனைவியின் அட்டையை நீட்டினார். அட்டையில் பெயர் இல்லை. நோயாளியின் கண்ணியத்தைக் காப்பாற்றுவதற்காகப் பெயர், ஆணா பெண்ணா என்ற விவரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஓர் எண்ணை மட்டும் வைத்திருந்தார்கள். எண்ணைக் கொண்டுவருபவரே நோயாளி என்பது விதி.

மாத்திரை மேடம் வழக்கம்போல, அக்கா வரவில்லையா என்று ஆரம்பித்தார். மூலையில் உட்கார்ந்திருந்த திட்ட அலுவலர் பேனாவால் மேசையைத் தட்டினார். மேடம் பெருமூச்சு விட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட தாள் ஒன்றை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"வணக்கம். சர்க்கரையோடு உங்களுடைய உறவு எப்படி இருக்கிறது?"

மெக்கானிக் கொஞ்சம் யோசித்தார். "டீக்கு ரெண்டு ஸ்பூன் போடுவேங்க."

நேர்மையான பதில் என்று அலுவலர் குறித்துக்கொண்டார். அடுத்தது ரத்தப் பரிசோதனை. மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தவரின் விரலில்தான் குத்த வேண்டும் என்று தாளில் இருந்தது. மெக்கானிக் விரலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அதற்கும் தாளில் ஒரு வாசகம் இருந்தது. மேடம் அதையும் படித்துவிட்டுக் குத்தினார்.

கருவி காட்டிய அளவைப் பார்த்ததும் அலுவலர் எழுந்து நின்றுவிட்டார். போன முறை அந்த எண்ணுக்குப் பதிவான அளவு பயங்கரமானது. இப்போது குழந்தையின் ரத்தம் போல இருந்தது. இத்தனைக்கும் ஆலோசனை பாதிகூட முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததற்கே இவ்வளவு இறங்கியிருந்தது.

"சார், இது என் கார்டு இல்ல. என் வீட்டுக்காரியோடது. எனக்குச் சர்க்கரையே கிடையாது."

அலுவலர் அவர் தோளில் பரிவோடு கைவைத்து, மேடத்தைப் பார்த்துச் சொன்னார். "கவனிச்சீங்களா? மறுப்பு. பயிற்சியில நான் சொன்னேன்ல, முதல் கட்டம் இதுதான். பழியைப் பொண்டாட்டி மேல போடுவாங்க."

அவர் சொல்வது உண்மைதான், அந்த அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும் என்றார் மேடம். தெரிந்திருப்பது பழைய முறை, அளப்பதுதான் புதிய முறை என்றார் அலுவலர். அளவு இறங்கியிருந்ததால் மாத்திரையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னது திட்டம். குறைத்தார்கள்.

வீட்டில் அக்கா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். "என்னங்க, பாதியைக் காணோம்?"

"எனக்கு நல்லா இறங்கிடுச்சாம்" என்றார் மெக்கானிக்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த பேச்சை அப்படியே எழுத முடியாது. சுருக்கமாகச் சொன்னால், ஒரு வேலை சொன்னால் உருப்படியாகச் செய்யத் தெரியாதா என்பதில் தொடங்கி, கல்யாணத்துக்கு வாங்கிய பீரோவின் பூட்டு வரைக்கும் போய் நின்றது.

பாதி மாத்திரையில் அக்காவின் உடம்பு முழுதாகக் கெட்டது. தண்ணீர் குடித்து மாளவில்லை. வகுப்புக்கு நடுவே வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, அறிமுகமே இல்லாத வீடுகளின் கதவைத் தட்டிக் கழிப்பறை கேட்க வேண்டியிருந்தது. கண் முன்னால் எதுவும் ஓரம் கூராகத் தெரியவில்லை. ஒரு நாள் கல்லூரிப் பேராசிரியை ஒருவருக்குத் திருப்பம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எதிரே பச்சையாகத் தெரிந்ததை விளக்கு என்று நினைத்து, போங்க என்றுவிட்டார். அது ஒரு நர்சரியின் வேலி. கார் ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவில் போய் நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் டிரைவிங் ஸ்கூல் முதலாளி, உடம்பைச் சரிபண்ணிக்கொண்டு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி அக்கா யாரையும் திட்டவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார். மெக்கானிக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

மறுநாள் இரண்டு பேருமாகப் போனார்கள். நோயாளி நான்தான் என்றார் அக்கா. திட்ட அலுவலர் அவரை மரியாதையாக உட்காரவைத்து நிலைமையை விளக்கினார். அந்த எண் இப்போது கணவருடையது. குணமாகிக்கொண்டிருக்கும் ஓர் எண்ணை ஒருவரிடமிருந்து பிடுங்குவது மனிதாபிமானம் ஆகாது. அக்கா புதிய நோயாளியாகச் சேரலாம். ஆனால் மதிப்பீடு முடியும் வரை புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை.

"ஏன்னா புதுசா வர்றவங்க எல்லாருக்கும் சர்க்கரை அதிகமா இருக்கும்மா. மொத்த சராசரியும் கெட்டுப்போயிடும்" என்றார்.

கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றால் கடைக்காரர் டாக்டர் சீட்டு கேட்டார். டாக்டரைப் பார்க்கப் போனால், திட்டப்படி அளவு ஏறியவர்களை மட்டும்தான் டாக்டர் பார்ப்பார், இந்த எண்ணுக்கு இறங்கியிருக்கிறது என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். மேடம் தவறைத் திருத்தச் சொல்லித் தலைமையகத்துக்கு எழுதினார். தோல்வியைத் திருத்துவதற்கு நடைமுறை உண்டு, வெற்றியைத் திருத்துவதற்கு நடைமுறை இல்லை என்று பதில் வந்தது. தொடர்ந்து வற்புறுத்தினால் அவர் மருந்தாளுநரின் விரிவாக்கப்பட்ட பங்களிப்பை மீறியதாகக் கருதப்படும் என்றும் இருந்தது.

வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப அலுவலருக்கு மனம் வரவில்லை. அக்காவைக் 'குடும்ப ஆதரவாளர்' என்று பதிவுசெய்து, கணவரின் சாப்பாட்டை எப்படிக் கண்காணிப்பது, அவர் சோர்ந்துபோனால் எப்படித் தேற்றுவது என்று வகுப்பு எடுத்தார். அக்கா நடுநடுவே தண்ணீர் கேட்டார். எவ்வளவு ஆர்வத்தோடு கேட்கிறார் பாருங்கள், தொண்டை வறண்டுபோகிறது என்றார் அலுவலர்.

அந்த முறை மெக்கானிக்கின் மாத்திரை முழுவதும் நிறுத்தப்பட்டது. பரிபூரண குணம். நட்சத்திர நோயாளி என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

அதன் பிறகு அவரை மற்றச் சுகாதார நிலையங்களுக்கு வேனில் அழைத்துப்போகத் தொடங்கினார்கள். மாலை போட்டு மேடையில் நிறுத்தி, அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். மெக்கானிக் பொய் சொல்லிப் பழகாதவர். ஏறிய முதல் மேடையிலேயே, உள்ளதைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று மைக்கைப் பிடித்தார்.

"எனக்குச் சர்க்கரை நோயே கிடையாதுங்க."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. திட்ட அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தன்னம்பிக்கையைத்தான் ஒவ்வொரு நோயாளியிடமும் நாம் உண்டாக்க வேண்டும் என்று அங்கேயே அறிவித்தார். அடுத்த மேடையில் மெக்கானிக், நோயாளி என் மனைவிதான் என்றார். மனைவியின் வலியைத் தன் வலியாக உணரும் பக்குவம் என்று விளக்கம் சொல்லப்பட்டது. மூன்றாவது மேடையில் அவர் ஒன்றுமே பேசாமல் நின்றார். அதுதான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

ஊர் ஊராக இப்படிக் கைதட்டு வாங்கியதில் மெக்கானிக்குள் ஏதோ இடம் மாறிவிட்டது. தேநீரில் சர்க்கரையை நிறுத்தினார். மாடி ஏறும்போது நடுவே நின்று நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, எனக்கு மறுபடி ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார். அக்கா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். மெக்கானிக் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டார்.

ஆண்டு மாநாடு வந்தது. நகரத்தின் பெரிய அரங்கம். சுகாதாரத் துறை இயக்குநர் பேசுவதாக இருந்தார். மாத்திரை மேடத்துக்குக் கேடயம். மெக்கானிக் மேடையில். குடும்ப ஆதரவாளர் என்ற முறையில் அக்காவுக்கு முன்வரிசையில் நாற்காலி. வேன் பிடிக்காமல், டிரைவிங் ஸ்கூல் காரை இரவல் வாங்கி ஒரு பழைய மாணவரை ஓட்டச் சொல்லி வந்து சேர்ந்தார்கள்.

இயக்குநர் மைக்கைச் சரிசெய்துகொண்டார்.

"நண்பர்களே, மருந்தாளுநர் யார்? நேற்று வரை அவர் மாத்திரையை எண்ணிக் கொடுத்தார். நோயாளி வாங்கினார், வீட்டுக்குப் போனார், விழுங்கினார். இதுதானா வாழ்க்கை? இன்று மருந்தாளுநர் நோயாளியோடு பேசுகிறார். என்ன பேச வேண்டும் என்பதை நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம். நோயாளி என்ன பதில் சொல்வார் என்பதையும் அடுத்த பதிப்பில் சேர்க்க இருக்கிறோம். சிலர் கேட்கிறார்கள், மருந்து எங்கே என்று. திட்டம் தொடங்கியதிலிருந்து மருந்துச் செலவு பாதியாகக் குறைந்திருக்கிறது. மருந்தே கொடுக்காமல் குணப்படுத்திய மருந்தாளுநர் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறார்?"

கைதட்டலுக்கு நடுவே அக்கா எழுந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்துப் பக்கக் கதவு வழியாக வெளியே போனார். மேடைப் படிக்கட்டில் கேடயத்துக்காகக் காத்திருந்த மாத்திரை மேடம் அதைப் பார்த்தார். ஒரு நொடி மேடையைப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார்.

காரின் பின்கதவைத் திறந்துவைத்து, கால்களை வெளியே தொங்கவிட்டபடி அக்கா உட்கார்ந்திருந்தார். மேடம் பையிலிருந்த கருவியை எடுத்து அவர் விரலில் குத்தினார். அளவு பெரியதுதான். ஆனால் பேச்சில் குழறல் இல்லை, மூச்சு ஒழுங்காக இருந்தது. மேடம் தார்ச்சாலையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது காலையில் எழுந்ததிலிருந்து என்னவெல்லாம் செய்வீர்கள் என்று கேட்டார்.

அப்படி யாரும் அக்காவைக் கேட்டதில்லை. முதல் வகுப்பு விடியற்காலையிலேயே இருக்கும், எழுந்ததும் மாத்திரைகளை விழுங்கிவிட்டு ஓடுவேன், டிபன் பத்து மணிக்கு மேல்தான் என்றார். ஆரம்பத்தில் ஒரு முறை, வகுப்பு நடக்கும்போதே கை நடுங்கி வியர்த்துக் கொட்டி, பிரேக்கில் இருந்த கால் மரத்துப்போய்விட்டது. அந்தப் பயத்தில்தான் பிஸ்கட். நடுக்கம் வந்தாலும் பிஸ்கட், வரும் போலிருந்தாலும் பிஸ்கட். அதனால்தான் இத்தனை வருடமாக மாத்திரை போட்டும் அளவு இறங்காமலே இருந்திருக்கிறது.

"சாப்பிட்டுட்டுப் போடணும்னு மாசா மாசம் சொல்லி அனுப்புவேனேக்கா."

"யார்கிட்ட?"

"அண்ணன்கிட்ட."

அக்காவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. மேடம் சிரிக்கவில்லை. நேரில் ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டியது நான்தான், சன்னலில் தெரிந்த கையோடு மட்டும் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன் என்றார்.

அந்தச் சமயத்தில், மாநாட்டுக்கு வந்திருந்த சுகாதார நிலைய டாக்டர் அரங்கத்திலிருந்து வெளியே வந்தார். இயக்குநரின் பேச்சு தாங்கவில்லையாம். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது. என்னிடம் ஏன் யாரும் சொல்லவில்லை என்றார். உங்கள் அறைக்கு வெளியே ஆள் போட்டு நிறுத்துகிறார்கள் சார் என்றார் மேடம். டாக்டர் அக்காவின் நாடியையும் பாதங்களையும் பார்த்தார். நடுக்கம் கொடுத்த மாத்திரையை மாற்றிவிடலாமா என்று மேடம் கேட்க, வகுப்பு நேரத்தைச் சொல்லுங்கள் என்று டாக்டர் கேட்க, இரண்டு பேரும் கார் பானட்டின் மேல் அழைப்பிதழைக் கவிழ்த்துப் போட்டு எழுதத் தொடங்கினார்கள். எண் எழுத வேண்டிய இடத்தில் டாக்டர் அக்காவின் பெயரைக் கேட்டு எழுதினார். மறுநாள் காலை ரத்தப் பரிசோதனைக்கு நேராக என் அறைக்கே வாருங்கள், வாசலில் நிறுத்தினால் சத்தம் போடுங்கள் என்றார். சத்தம் போடுவது எனக்குப் பெரிய காரியமில்லை என்றார் அக்கா.

உள்ளே, நோயாளிகளை உற்றுக் கவனித்ததற்கான கேடயத்தை வாங்க மாத்திரை மேடத்தை அழைத்தார்கள். ஆள் இல்லை. திட்ட அலுவலர் பணிவோடு முன்வந்து வாங்கிக்கொண்டார். அடுத்து நட்சத்திர நோயாளியை அழைத்தார்கள். மெக்கானிக் மைக்குக்கு முன்னால் வந்து, முன்வரிசையைப் பார்த்தார். மனைவியின் நாற்காலி காலியாக இருந்தது. அதில் அவர் கைக்குட்டை மட்டும் கிடந்தது.

"என் வீட்டுக்காரியக் காணோம்" என்றார் மெக்கானிக். மாலையோடு மேடையிலிருந்து குதித்து ஓடினார்.

குடும்பப் பற்றும் உடல் வேகமும் ஒருசேரத் திரும்பிவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று இயக்குநர் கேட்டது அவர் காதில் விழவில்லை.

வாகனங்களுக்கு நடுவே ஓடிவந்தவர் காரைக் கண்டதும் நின்றார். மூச்சு வாங்கியது. அக்கா காலை நீட்டி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கு மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தலையைக் குனிந்தார். உட்காருங்க என்று அக்கா கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

மாத்திரை மாறியது. டிபன் வகுப்புக்கு முன்னால் வந்தது. அளவு சட்டென்று இறங்கவில்லை. முரண்டு பிடித்து, ஏறி, மெதுவாக இறங்கியது. கண் தெளிந்தது. முதலாளி அக்காவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். நர்சரிக்காரர் மட்டும் இன்னமும் அந்தக் காரைக் கண்டால் தொட்டிகளை உள்ளே இழுக்கிறார்.

மாத்திரை மேடத்துக்குத் தலைமையகத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். மாநாட்டு நேரத்தில், தாளைப் பார்க்காமல், மெத்தை நாற்காலி இல்லாத இடத்தில் ஒரு நோயாளியோடு பேசியிருக்கிறார். வயிற்றுவலி, காற்றாட வெளியே போனேன் என்று மேடம் ஒரு வரி எழுதி அனுப்பினார்.

அத்தோடு மாநாட்டு வெற்றியின் அடிப்படையில் ஒரு சுற்றறிக்கையும் வந்தது. நட்சத்திர நோயாளியின் அனுபவத்தை ஆராய்ந்ததில், நோயாளிக்குப் பதிலாக உறவினர் பங்கேற்கும்போது முன்னேற்றம் உடனடியாகவும் உறுதியாகவும் இருப்பது தெரிகிறது. எனவே இனி சர்க்கரை இறங்காத நோயாளிகள், உடல்நலம் உள்ள உறவினர் ஒருவரை ஆலோசனைக்கு அனுப்பிவைக்கலாம்.

மக்கள் சொன்னபடி கேட்டார்கள். மாமனாருக்காக மருமகன்கள் வந்தார்கள். பாட்டிக்காக, பள்ளியில் ஓட்டப்பந்தயம் ஓடும் பேத்தி வந்தாள். உறவு என்று யாரும் இல்லாத கிழவர் ஒருவர் எதிர்வீட்டு உடற்பயிற்சி ஆசிரியரைக் கெஞ்சிக் கூட்டி வந்தார். கொஞ்ச காலத்தில் அந்த வட்டாரத்தில் சர்க்கரை நோய் அடியோடு ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். திட்ட அலுவலருக்குப் பதவி உயர்வு. கூட்டம் அதிகம் என்பதால், தாளைப் படிக்கவும் விரலில் குத்தவும் புதிதாக ஆள் போட்டார்கள். மேடத்தின் கை கொஞ்சம் ஓய்ந்தது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் உள்ளே வர வேண்டிய தேவை இல்லாததால் கட்டடத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி நிழலில் காத்திருந்தார்கள். தேநீர் இடைவேளையில் மேடம் அங்கே போவார். டாக்டரும் சில நாள் வருவார். ஒவ்வொருவராக, நேற்று என்ன சாப்பிட்டீர்கள், எப்போது தூங்கினீர்கள், கால் மரத்துப்போகிறதா என்று கேட்பார்கள். அந்தத் தேநீர் இடைவேளை நாளாக ஆகப் பிற்பகல் வரை நீண்டுவிட்டது.

ஒரு நாள் அப்படி அக்காவின் முறை வந்து, டிரைவிங் ஸ்கூல் காருக்குள் மேடமும் அவரும் பேசிக்கொண்டிருந்தபோது, மெக்கானிக் முன்வாசலிலிருந்து விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"எனக்கு இன்னைக்கும் நார்மல்தான்."

"சந்தோஷம்" என்றார் அக்கா. "பின்னாடி உக்காருங்க. நான் இன்னும் சொல்லி முடிக்கல."